நிழல் பால்கனிக்கு எந்த பாம் செடி: அரேகாவா, லேடி பாமா, பார்லரா, லிகுவாலாவா?

பிளாட் பால்கனி, மாடிப்படி திருப்பம், ஹால் மூலை, மாமரத்தடி, காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கற மூணடி சந்து, இப்படி வெயில் நேரா விழாத இடத்துல ஒரு பாம், அதாவது பனை, பாக்கு குடும்பத்து அழகுச் செடி, வைக்கணும்னு ஆசைப்பட்டு நர்சரிக்குப் போறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அரேகா பாம் தூக்கிட்டுத்தான் வர்றாங்க, ஏன்னா அதுதான் எல்லா கடையிலயும் வாசல்லயே நிக்குது, விலையும் கம்மி, பார்க்கவும் புசுபுசுன்னு இருக்கு, கேட்டா "நிழல்ல நல்லா வரும் சார்"னு சொல்லிடறாங்க. என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். நிஜமான நிழலுக்கு அரேகா வேணாம். காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லன்னா லேடி பாம், அதாவது ராபிஸ். காசு கம்மி, இடமும் கம்மின்னா பார்லர் பாம். காத்துல ஈரம் இருக்கற ஊரு, காத்தடிக்காத மூலை ரெண்டும் இருந்தா லிகுவாலா. எந்த இடத்துக்கு எது, ஏன்னு கீழ விளக்கமா சொல்றேன், ஏன்னா இடத்தைப் பார்க்காம செடியை மட்டும் பார்த்து வாங்கறதுலதான் பாதி செடி வீணாப் போகுது.

முதல்ல உங்க நிழல் எவ்வளவு நிழல்னு பாருங்க. மத்தியானம் ஒரு மணிக்கு செடி வைக்கப்போற இடத்துல கையை நீட்டி, கீழ ஒரு வெள்ளை பேப்பர் வச்சு நிழல் எப்படி விழுதுன்னு பாருங்க. விரல் விரலா தெளிவா தெரிஞ்சா அது வெயில் இடம், நிழல் இடமே இல்ல. கையோட வடிவம் மங்கலா தெரிஞ்சா நல்ல வெளிச்சமான நிழல், இங்க சொல்ற எல்லா பாமும் அங்க நிக்கும். நிழலே விழலைன்னா அது இருட்டு, அங்க ராபிஸும் பார்லரும் மட்டும் ஏதோ தாங்கும், அதுவும் வளரும்னு எதிர்பார்க்கக்கூடாது, இருக்கும் அவ்வளவுதான். ஜன்னலே இல்லாத பாத்ரூம், லிஃப்ட் பக்கத்து லாபி மாதிரி இடத்துக்கு எந்த பாமும் வேணாம்.

இன்னொன்னு, வடக்குப் பார்த்த பால்கனின்னா வருஷம் பூரா நிழல்னு நிறைய பேர் நம்பறாங்க. அது டெல்லிப் பக்கத்துக்குத்தான் ஓரளவு சரி. சென்னை இருக்கறது 13 டிகிரி வடக்குல, அதனால ஏப்ரல் கடைசி வாரத்துல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வேளையில சூரியன் நமக்கு வடக்குப் பக்கமா நிக்கும், கத்திரி வெயில் மொத்தமும் இந்தக் காலத்துக்குள்ளதான் வருது. நாகர்கோவில் பக்கம் இது ஏப்ரல் ரெண்டாவது வாரமே ஆரம்பிச்சுடும். உச்சி வெயிலை மேல் மாடி ஸ்லாப் ஓரளவு மறைச்சிடும், ஆனா காலையிலயும் சாயங்காலமும் சூரியன் வடகிழக்கு, வடமேற்குன்னு சாஞ்சு இருக்கறதால வெயில் பக்கவாட்டுல உள்ள வந்துடும். மார்ச்ல ஜம்முனு நின்ன ராபிஸ் மே மாசம் வெளுத்துப் போச்சேன்னு புலம்பறவங்க வீட்டுல அநேகமா இதுதான் நடந்திருக்கும். அந்த மூணு நாலு மாசம் செடியை சுவரோரமா உள்ள தள்ளி வைங்க, இல்ல பச்சை ஷேட் நெட் ஒண்ணு கட்டுங்க. தெற்குப் பார்த்த பால்கனியில இது தலைகீழ், மார்கழி தை மாசம் வெயில் நல்லா உள்ள வரும், ஆனா அது சுடாத வெயில், பயப்படத் தேவையில்ல. கிழக்கு பால்கனிதான் இருக்கறதுலயே நல்லது. மேற்கு பால்கனியில நெட் இல்லாம நிழல் பாம் எதுவும் வைக்காதீங்க.

சரி, அரேகாவுக்கு வர்றேன். அது கெட்ட செடி இல்ல, அருமையான செடி, தப்பான இடத்துல வச்சுடறோம். பொறந்த ஊரு மடகாஸ்கர், அங்கயும் அது ஆத்தோரம், காட்டு ஓரம், கடலோர மணல் நிலம் மாதிரி வெளிச்சம் கிடைக்கற இடத்துலதான் அதிகம் வளருது. நம்ம ஊர்ல முழு வெயில்ல தரையில நட்டா பதினைஞ்சு அடிக்கு மேல கூட போகும், வெயில்ல தண்டும் இலைக்காம்பும் தங்க மஞ்சளா மாறும், அது நோய் இல்ல, அதோட அழகே அதுதான். அதையே ஹால் மூலையில வச்சா முதல் சில மாசம் நர்சரியில சேர்த்து வச்ச சத்துல நிக்கும், அப்புறம் புது இலை ஒவ்வொண்ணும் மெலிசா நீட்டமா வரும், கீழ் இலை ஒண்ணொண்ணா காயும், கூட்டத்துல உள்பக்கம் இருக்கற சின்ன கன்னெல்லாம் செத்துப் போகும். தொட்டியை குனிஞ்சு அடியில பாருங்க, பத்து இருபது கன்னை ஒரே தொட்டியில நெருக்கி நட்டிருப்பாங்க, கடையில அடர்த்தியா தெரியறதுக்குக் காரணம் அதுதான். வெளிச்சம் பத்தலைன்னா அத்தனையும் பிழைக்காது.

அரேகா காத்தை சுத்தம் பண்ணும்னு சொல்லி வாங்கறவங்களும் நிறைய. 1989-ல நாசா செஞ்ச ஆராய்ச்சியில இருந்து கிளம்பின பேச்சு அது, அந்தச் சோதனை நடந்தது காத்துப் போகாத சின்ன பெட்டிக்குள்ள. 2019-ல வந்த ஒரு ஆய்வு அந்த மாதிரி சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துச்சு, ஜன்னல் கதவு இடுக்கு வழியா தானா நடக்கற காத்தோட்டம் செய்யற வேலையைச் செடியால செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10-ல இருந்து 1000 செடி வரைக்கும் வேணும்னு வந்துச்சு. அதனால அந்தக் காரணத்துக்காக எந்த பாமையும் தேர்ந்தெடுக்காதீங்க. கண்ணுக்குப் பச்சையா இருக்கு, மனசுக்கு நல்லா இருக்கு, அது போதும்.

இப்போ லேடி பாம். ராபிஸ் எக்ஸெல்சா. தெற்கு சீனா, வடக்கு வியட்நாம் பக்கத்துச் செடி, ஜப்பான்ல எடோ காலத்துல (பதினேழாம் நூற்றாண்டுல இருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும்) இருந்தே தொட்டியில வச்சு வளர்த்துட்டு வர்றாங்க, இலையில வெள்ளைக் கோடு ஓடற வகைங்களுக்கு அங்க தனி மவுசு. விரல் தடிமன் தண்டு, அதைச் சுத்தி பழுப்பா கறுப்பா நார் வலை மாதிரி பின்னிக்கிட்டு இருக்கும், மேல விசிறி மாதிரி இலை, அஞ்சு, ஏழு, பத்துன்னு பட்டையா பிரிஞ்சு ஒவ்வொரு பட்டையோட நுனியும் கூரா இல்லாம கத்தரியால வெட்டின மாதிரி மொண்ணையா இருக்கும். அந்த மொண்ணை நுனிதான் அடையாளம், கடையில வேற விசிறி பாமைக் காட்டி ராபிஸ்னு சொன்னா அதை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்.

இதை நான் முதல் இடத்துல வைக்கக் காரணம் அழகு மட்டும் இல்ல, பொறுமை. ஏசி ரூம்ல நிக்கும், ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தா நிழல்ல இருந்த ராபிஸ் அப்படியே இருக்கும், செம்பேன் (இலைச்சாறை உறிஞ்சற ரொம்பச் சின்ன பூச்சி) தொல்லை மத்ததை விடக் கம்மி, குறைஞ்ச வெளிச்சத்துலயும் இலை கரும்பச்சையா இருக்கும். ரொம்ப மெதுவா வளரும், வருஷத்துக்கு ஒரு தண்டுக்கு சில இலைதான் வரும், அதை குறைன்னு சொல்வாங்க, தொட்டியில வளர்க்கறவங்களுக்கு அதுதான் வசதி, ரெண்டு மூணு வருஷத்துக்கு தொட்டி மாத்த வேண்டியதில்ல. விலை மட்டும் அதே சைஸ் அரேகாவை விட பல மடங்கு இருக்கும். அரேகாவை விதை போட்டு ஆயிரக்கணக்குல எடுத்துடலாம், ராபிஸை பெரும்பாலும் அடியில வர்ற பக்கக்கன்னைப் பிரிச்சுத்தான் பெருக்கறாங்க, அதுவும் மெதுவா வளர்ற செடி, அந்தக் காத்திருப்புக்குத்தான் விலை. ஆனா ஒரு தடவை வாங்கிட்டா சில வருஷத்துல நீங்களே பிரிச்சு ரெண்டு தொட்டி ஆக்கிக்கலாம். பிரிக்கும்போது ஒவ்வொரு பங்குலயும் குறைஞ்சது மூணு தண்டும் சொந்த வேரும் இருக்கற மாதிரி வெட்டுங்க, ஒத்தைத் தண்டா பிரிச்சா பிழைக்கறது கஷ்டம். ஒரே எதிரி நேர் வெயில். உச்சி வெயில் பட்டா இலை மஞ்சளா வெளுத்து நுனி கருகிடும், கருகின இலை திரும்பப் பச்சையாகாது.

பார்லர் பாம்னு சொல்ற கமடோரியா எலிகன்ஸ் மெக்சிகோ, குவாத்தமாலா காட்டுல பெரிய மரங்களோட அடியில வளர்ற குட்டி பாம். அங்க கமடோரியா வகைங்களோட இலையை காட்டுல இருந்து வெட்டி வெளிநாட்டு பூ அலங்காரத்துக்கு அனுப்பற தொழிலே இருக்கு, அந்த அளவுக்கு நிழல்ல பழகின செடி. தொட்டியில மூணு நாலு அடிக்குள்ள நிக்கும், டேபிள் மேல, ஷெல்ஃப் மேல, பால்கனி மூலையில எங்க வேணா வைக்கலாம். சின்ன வயசுலயே மஞ்சள் மணி மணியா பூ விடும். விலை மலிவு. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சு வாங்குங்க. இது ஒத்தைத் தண்டு பாம், பக்கக்கன்னு விடாது, நீங்க பார்க்கற புதர் பல நாத்தை சேர்த்து வச்சது, அதனால ஒண்ணு செத்தா செத்ததுதான், அந்த இடம் தானா நிரம்பாது. ரெண்டாவது, தண்ணி அதிகமானா சீக்கிரம் அழுகும், காத்து வறண்டா செம்பேன் உடனே வரும். ஏசி ரூமுக்கு இது ராபிஸ் அளவுக்கு சரிவராது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி குளிர்ந்த இடத்துல இருக்கறவங்க வீட்டுக்குள்ள வைக்கறதுக்கு நான் இதைத்தான் முதல்ல சொல்வேன்.

இதோட உறவு பேம்பூ பாம், கமடோரியா சீஃப்ரிஸி. மூங்கில் மாதிரி கணு கணுவா பச்சைத் தண்டு, கூட்டமா வளரும், புதுத் தண்டு அடியில இருந்து வந்துட்டே இருக்கும், ஏழெட்டு அடி போகும், காலை வெயிலையும் தாங்கும். பக்கத்து வீட்டு ஜன்னலை மறைக்கணும், ஒரு பச்சைத் திரை வேணும்னு நினைச்சு அரேகா தேடறவங்க இதைப் பார்க்கலாம், அரேகா செய்யற வேலையை அரை நிழல்ல இது செய்யும். பழம் வந்தா குழந்தைங்க நசுக்கி விளையாடாம பார்த்துக்கங்க, கமடோரியா பழச்சாறு தோல்ல பட்டா அரிக்கும்.

லிகுவாலா கிராண்டிஸ் மேல எனக்குத் தனிப் பிரியம், அதனால குறைகளை முதல்ல சொல்றேன். இலை பிரியாம ஒரே வட்டமா, மடிப்பு மடிப்பா, ஓரத்துல பல் பல்லா இருக்கும், ஒரு இலையே ஒரு முழம் ஒன்றரை முழம் அகலம் வரும். அந்த மடிப்புல காத்தடிச்சா கிழிஞ்சிடும். எட்டாவது மாடி பால்கனிக்கு இது வேணவே வேணாம். வறண்ட காத்துல ஓரம் பழுப்பாயிடும், ஏசி ஆகாது, வேர் காய விடக்கூடாது, இலைக்காம்புல முள்ளு இருக்கு. வளர்றது ராபிஸ் மாதிரியே மெதுவு. சொந்த ஊரு பசிபிக் கடல்ல இருக்கற வனுவாட்டு தீவுப் பக்கம், அதனால சூடும் ஈரமும் சேர்ந்து இருக்கணும். நாகர்கோவில், குற்றாலம், கடலோர சென்னை, பாண்டிச்சேரி, யாழ்ப்பாணத்துல கிணத்தடி வாழைக்குப் பக்கம், இந்த மாதிரி இடங்கள்ல கீழ்த்தள வீட்டு நிழல் மூலையில வச்சுப் பாருங்க, மழை பெய்யறப்போ அந்த இலையில தண்ணி ஓடற அழகு வேற எந்த பாம்லயும் கிடையாது. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர் மாதிரி வறண்ட காத்தடிக்கற ஊர்ல இருந்தா ராபிஸுக்கே போயிடுங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா. கென்டியா பாம் ஆஸ்திரேலியாவோட லார்ட் ஹோவ் தீவுச் செடி, வெளிநாட்டுல வீட்டுக்குள்ள வைக்க ரொம்ப பேர் போனது, நம்ம சமவெளிச் சூட்டுக்கு அந்த விலை கொடுத்து எடுக்கறது வேணாம், மலை ஊர்க்காரங்க யோசிக்கலாம். ஃபிஷ்டெயில் பாம் நிழல்ல கன்னா இருக்கும்போது அழகு, சீக்கிரமே தொட்டியை மீறிடும், அதோட பழமும் கடுமையா அரிக்கும். "டேபிள் பாம்"னு கடையில சொல்றது சில இடத்துல பார்லர் பாமா இருக்கும், சில இடத்துல வட்ட விசிறி இலையும் காம்புல முள்ளும் இருக்கற லிவிஸ்டோனாவா இருக்கும், பேரை நம்பாம இலையைப் பாருங்க. சேகோ பாம்னு விக்கறது பாமே இல்ல, அது சைகஸ், வெயில் செடி, நாய்க்கு கொடிய விஷம், விதை தின்னா ஈரல் போய் செத்துடும். நாய் இருக்கற வீட்டுல அதை எடுக்கவே எடுக்காதீங்க. ராபிஸ், பார்லர், அரேகா மூணோட இலையும் நாய் பூனைக்கு விஷம் இல்ல.

இப்போ தண்ணி. நம்ம ஊர்ல நிழல் பாம் கெடறதுக்கு வெளிச்சத்துக்கு அடுத்த காரணம் இதுதான், நர்சரிக்காரங்க யாரும் இதைச் சொல்றதில்ல. போர் தண்ணியில உப்பு அதிகம், நிழல்ல மண்ணு மெதுவா காயும், ஒவ்வொரு தடவை ஊத்தறப்பவும் உப்பு தொட்டியிலயே தங்கும், மண்ணு மேல வெள்ளையா படலம் கட்டும், அப்புறம் இலை நுனி பழுப்பா காயும். உடனே தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஊத்துவோம், இல்லைன்னா சத்துக்குறைன்னு உரம் போடுவோம், உரமும் உப்புதான், நிலைமை மோசமாயிடும். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணியை செடிக்கு ஊத்தச் சொல்றாங்க, இந்த பாம்களுக்கு அதை ஊத்தாதீங்க, போர்ல இருந்த உப்பு அதுல இன்னும் கெட்டியா இருக்கும். ஏசி அவுட்லெட் தண்ணி நல்லது, அதுல உப்பு கிடையாது, ராத்திரி ஒரு பக்கெட் நிரம்பிடும். ஐப்பசி கார்த்திகை மழையை விடாதீங்க, தொட்டியை மழையில நல்லா நனைய விட்டாலே வருஷ உப்பு கழுவிட்டுப் போயிடும். மத்த மாசத்துல மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியை அடி ஓட்டை வழியா ஓடற வரைக்கும் ஊத்தி வடிய விடுங்க. கீழ வைக்கற தட்டுல தண்ணி நிக்க விடக்கூடாது, வேரும் அழுகும், டெங்கு கொசுவும் அதுலதான் முட்டை போடும்.

மண்கலவை பெரிய ரகசியம் இல்ல. செம்மண் ஒரு பங்கு, கழுவின தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆத்து மணலோ எம்சாண்டோ அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. நார்க்கழிவு கட்டியை கட்டாயம் ரெண்டு மூணு தண்ணியில ஊற வச்சுப் பிழிஞ்சு கழுவுங்க, அதுலயும் உப்பு இருக்கும். பார்லருக்கு மண் தொட்டி நல்லது, அதிகத் தண்ணியை அது தானா இழுத்து வெளிய விட்டுடும், லிகுவாலாவுக்கு ஈரம் நிக்கணும், அதுக்கு பிளாஸ்டிக் தொட்டி. ராபிஸ் எதுலயும் நிக்கும். தேவைக்கு மேல பெரிய தொட்டி யாருக்கும் வேணாம், பாம் வேர் கொஞ்சம் நெருக்கமா இருந்தாலே நல்லா இருக்கும், பெரிய தொட்டியில வேர் போகாத ஈர மண்ணுதான் அழுகலுக்குக் காரணம்.

பராமரிப்புல ரெண்டே ரெண்டு. ஒண்ணு, உச்சியை எந்தக் காரணத்துக்கும் கிள்ளாதீங்க, பாம் தண்டுக்கு வளர்ற முனை ஒண்ணே ஒண்ணுதான், அது போனா அந்தத் தண்டு போச்சு. அதே மாதிரி பாதி மஞ்சளான கீழ் இலையை அழகுக்காக வெட்டிடாதீங்க, பொட்டாசியம் பத்தாதப்போ பாம் பழைய இலையில இருந்து அதை உறிஞ்சித்தான் புது இலைக்கு அனுப்புது, நாம வெட்டினா அடுத்த இலை மஞ்சளாகும். முழுசா காஞ்ச பிறகு எடுங்க. ரெண்டு, வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வெள்ளை பேப்பரை இலைக்கு அடியில பிடிச்சு இலையைத் தட்டுங்க, விழுந்த தூசியில ஏதாவது ஊர்ந்துச்சுன்னா செம்பேன். இலையோட அடிப்பக்கம் நல்லா தண்ணி பீச்சி அடிச்சுட்டு, ஒரு லிட்டருக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு கலந்து சாயங்காலமா அடிங்க, நாலஞ்சு நாள் விட்டு திரும்ப ஒரு தடவை.

தரையில நட இடம் இருக்கறவங்களுக்கு கணக்கே வேற. மாமரம், சப்போட்டா அடியில சலிச்சு விழற வெளிச்சம் இருக்கே, அது இந்த செடிகளுக்கு சொந்தக் காட்டு வெளிச்சம் மாதிரிதான். அங்க ராபிஸ் நட்டா தொட்டியில இருக்கறதை விட நல்லாவே பரவும், சந்துல நட்டா ஆறேழு அடி உயரத்துக்கு பச்சை வேலி ஆயிடும், பக்கத்துல பேம்பூ பாம் ரெண்டு வச்சா உயரம் மாறி மாறி வரும். மரத்து வேரோட சண்டை போடணும்ங்கறதால முதல் ரெண்டு கோடைக்கு தண்ணியை விடாம கொடுங்க, இலைச்சருகைக் கூட்டி எரிக்காம அடியிலயே மூடாக்கா போடுங்க. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்காட்டுலயே பெரிய மரங்களுக்கு அடியில பினாங்கா டிக்சோனின்னு ஒரு அழகான குட்டி பாம் இருக்கு, மெலிசான பாக்கு மரம் மாதிரி பச்சைத் தண்டு, கூட்டம் கூட்டமா நிக்கும். விதையில இருந்து வளர்த்த கன்னு எங்கயாவது கிடைச்சா வாங்குங்க, காட்டுல இருந்து பிடுங்கினதுன்னு தெரிஞ்சா தொடாதீங்க, இடம் மாத்தினா பெரும்பாலும் பிழைக்கவும் செய்யாது.

வாங்கற நேரமும் முக்கியம். நம்ம ஊரு நர்சரிச் செடி பாதி ஆந்திரா கடியம் பக்கத்துல இருந்து லாரியில வர்றது, ஏப்ரல் மே மாசத்துல அந்தப் பயணத்தோட சூட்டுல வந்த செடியை வாங்கி நேரா வீட்டுக்குள்ள வச்சா ரெண்டு அதிர்ச்சி சேர்ந்துடும். ஆடிக் காத்து முடிஞ்சு ஆவணிக்கு மேல வாங்குங்க, மழைக்குள்ள வேர் பிடிச்சிடும். கடையில உச்சியில சுருண்டு நிக்கற புது குருத்தை மெதுவா இழுத்துப் பாருங்க, கையோட வந்துட்டா உள்ள அழுகியிருக்கு, வேண்டாம். இலையும் தண்டும் சேர்ற இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா மாவுப்பூச்சி, அதுவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தொட்டி மாத்தாதீங்க, மூணு நாலு வாரம் வெளிச்சமான நிழல்ல அப்படியே விட்டுட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அது நிக்கப் போற இடத்துக்கு நகர்த்துங்க, தொட்டி மாத்தறது புது இலை ஒண்ணு முழுசா விரிஞ்ச பிறகு.